அக்னெஸ் அக்கா தூக்கிய ஆசந்தி

அக்னெஸ் அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுக்காரர்களிடம் கற்றது. மொன்றியலின் வில்லரேயில், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறைதான் அவரது வேலையிடம். காலையில் சூப்புக்கு மரக்கறி வெட்டுவார். மத்தியானம் அழுகிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்கு ஊட்டுவார். அங்கே காதில் விழுந்த பிரெஞ்சைத்தான் வெளியிலும் பேசினார். மருத்துவரிடம் போய் வலிக்கிற முழங்காலைக் காட்டி, குழந்தைகள் சொல்வதுபோல, "இங்கே பொபோ" என்பார். எல்லாரையும் 'நீ' என்பார். வங்கி மேலாளரும் நீ, பேருந்துச் சாரதியும் நீ, மேற்றிராணியார் பங்குக்கு வந்தபோது அவரும் நீ. யாரும் கோபித்ததாகத் தெரியவில்லை. கவுண்டருக்கு அந்தப்பக்கம் முகம் இறுகி இருப்பவர்கள்கூட அவர் இரண்டு வசனம் பேசியதும் முகத்தை இளக விட்டார்கள்.

ஆள் குட்டை. மெட்ரோவில் மேலே தொங்கும் கைப்பிடி எட்டாது. யாருடைய கோட்டையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் அகன்ற தோள். சூப்புப் பானையை அடுப்பிலிருந்து இறக்க அவர் ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

அந்தத் தோளில் ஒரு நேர்த்திக்கடன் பல வருடமாகக் காத்துக் கிடந்தது.

2001ஆம் ஆண்டு அவர் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். கணவர் அன்டன் மொன்றியலில். கையில் மூன்று வயது மகள் றொஷினி. விசா வரும், வரும் என்று போன காலம். அந்தப் பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆசந்திப் பவனி. இறந்த ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்தி, நான்கு பக்கமும் தடி பொருத்தித் தோளில் சுமக்கும் மஞ்சத்துக்குத்தான் எங்களவர் ஆசந்தி என்கிறார்கள். நெரிசலில் அது அவருக்குக் கிட்டவாகக் கடந்து போனது. மெழுகு உருகும் மணம். சொரூபத்தின் பாதம் கைக்கெட்டும் தூரம். அக்னெஸ் அக்கா சத்தமாகவே சொல்லிவிட்டார்: "ஆண்டவரே, நாங்கள் மூண்டு பேரும் ஒரு வீட்டில இருந்து ஒரு பெரிய வெள்ளிக்குக் கஞ்சி குடிச்சால், உம்மட ஆசந்தியை நான் என்ரை தோளில தூக்குவன்."

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாளாம். அப்போதுதான் உறைத்தது: ஆசந்தியைப் பெண்கள் தூக்குவதில்லை. சபை ஆண்கள் மட்டும்தான். மெழுகுதிரி, மாலை, பட்டு என்று செய்யக்கூடிய எத்தனையோ நேர்த்தி இருக்க, அவசரத்தில் வாயில் வந்தது செய்ய முடியாத ஒன்று.

அடுத்த வருடம் மாசியில் விசா வந்தது. பெரிய வெள்ளிக்கு மூவரும் அன்டன் அண்ணையின் ஒற்றை அறை வீட்டில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பயத்தங் கஞ்சி குடித்தார்கள். ஆண்டவர் தன் பங்கைச் செய்துவிட்டார். இனி அக்காவின் முறை.

நாங்கள் தமிழில் பூசை காண்பது ஒரு பழைய கல் கோயிலில். பிரெஞ்சுக்காரர் பங்கு அது. ஞாயிறு பின்னேரமும் பெரிய நாட்களிலும் எங்களுக்கு விடுவார்கள். அங்கே பக்கப் பீடத்தின் அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மரத்தால் செதுக்கிய ஆளுயர ஆண்டவர் கிடக்கிறார். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருந்த பழைய சபையின் சொத்து; அந்தக் கோயில் மூடப்பட்டபோது இங்கே வந்தது. பிரான்ஸ் இந்த நாட்டை ஆண்ட காலத்துத் தச்சன் ஒருவனின் கைவேலை. தலைமயிர் ஒவ்வொரு சுருளாகச் செதுக்கப்பட்டிருக்கும். விலாவில் காயம் சிறியது. அதைச் சுற்றி வண்ணம் மங்கிப் பழுத்த மாம்பழத் தோல்போல் ஆகியிருக்கும். இரண்டு தோள்மூட்டிலும் தோல் வைத்துத் தைத்திருக்கிறது. கையை விரித்தால் சிலுவையில் அறையலாம். மடக்கினால் ஆசந்தியில் கிடத்தலாம்.

எங்கள் ஆட்கள் முதன்முதலில் இந்தக் கோயிலுக்கு வந்த அன்று அந்தத் தோல் மூட்டைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். யாழ்ப்பாணத்திலும் அப்படியே. போர்த்துக்கேயர் கொண்டுவந்து தந்த வழக்கம் அங்கே, பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது இங்கே. நடுவில் இரண்டு கடல். அந்த வருடமே திருப்பாடுகளின் சபை தொடங்கியது. வெள்ளை அங்கி, சிவப்புத் தோளாடை, தூக்குவதற்கு எட்டு ஆண்கள், தலைமைக்கு ஒரு மூப்பர்.

மூப்பர் பத்திநாதர். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல், வலிக்கும் முழங்கால். எதைக் கேட்டாலும் வரலாற்றிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்குவார்.

"பிள்ளை, ஒல்லாந்தன் சுவாமிமாரைக் கலைச்சுப்போட்டுக் கோயிலைப் பூட்டின காலத்திலை, வேதத்தைக் காப்பாத்தினது ஆர்?"

"சபைதான் அண்ணை."

"சபை எண்டால் ஆர்? மூப்பர்மாரும் சபைக்காரரும். அப்பிடிக் காத்த முறையை நான் மாத்திறதோ?"

இது 2002இல், தன்னைத் தூக்க விடச் சொல்லி அக்கா முதல்முறை கேட்டபோது. 2003இலும் கேட்டார். 2004இல் பங்குச் சுவாமியே இரங்கி, "அக்னெஸ், நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம். குருவானவருக்கு அந்த அதிகாரம் உண்டு. நாற்பது நாள் சிலுவைப்பாதை செய்யுங்கள், சரியாகிவிடும்" என்றார்.

"நான் சொன்னது அவரிட்டை, சுவாமி. அவர் எனக்கு அரைவாசி விசா தரேல்லை."

சுவாமி சிரித்து விட்டுவிட்டார். மூப்பர் விடவில்லை. அவரிடம் ஓர் ஆதாரமும் இருந்தது. சுவாமி உடை மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குப் போகும் இருட்டான நடைவழியில், கிராமத்துக் கோயிலிலிருந்து சொரூபத்தோடு வந்த ஒரு படம் தொங்கியது. புகை பிடித்துக் கறுத்த எண்ணெய் ஓவியம். உறைந்த ஆற்றின் ஓரம், முக்காடிட்ட எட்டுப் பேர் ஆண்டவரை ஆசந்தியில் சுமந்து போகிறார்கள். "பார், வெள்ளைக்காரனிலயும் ஆம்பிளையள்தான். சபைக்காரர்," என்று விரலை நீட்டுவார். அக்கா அண்ணாந்து பார்ப்பார். முக்காடு முக்காடாகத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

இப்படியே 2008 வந்தது. அந்தப் பனிக்காலத்தை மொன்றியலில் இருந்தவர்கள் இப்போதும் கதைப்பார்கள். பனி கொட்டிய இடத்திலேயே மறுபடி கொட்டியது. நடைபாதை இரண்டு வெள்ளை மதில்களுக்கு நடுவே ஒழுங்கைபோல ஆகியிருந்தது. அந்த வருடம் பெரிய வெள்ளியும் பங்குனியிலேயே, பனி உருக முன்னமே வந்தது.

ஆசந்தி தூக்கும் எட்டுப் பேருமே மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தார்கள். முதலில் அன்டன் அண்ணை சேர்ந்தார். அவர் மச்சானைச் சேர்த்தார், மச்சான் நண்பனைச் சேர்த்தார். சபையில் சேர்ந்தவன் களஞ்சியத்தில் சேர்ந்தான். களஞ்சியத்தில் சேர்ந்தவன் சபையில் சேர்ந்தான். குளியல் தொட்டி, கழுவு தொட்டி அனுப்புகிற இடம் அது. வருடம் முழுக்கக் குளியல் தொட்டி தூக்கியவர்கள் பெரிய வெள்ளியில் ஆண்டவரைத் தூக்கினார்கள். தோள் பழகியிருந்தது, அடி ஒத்திருந்தது. அதில் ஒரு வில்லங்கம் இருப்பதாக ஒருவரும் யோசிக்கவில்லை.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அன்டன் அண்ணை சொன்னார்.

"இஞ்சேரும், பெரிய வெள்ளி வேலையாம்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும். முதலாளி மாறீட்டான். புதுசா வந்தவன் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்கள்தான் லீவு எண்டிட்டான். இஞ்ச சட்டம் அப்பிடித்தான், வெள்ளியோ திங்களோ, அவன் விரும்பினதைக் குடுக்கலாம்."

அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டுப் பேருக்குமோ?"

"எட்டுப் பேருக்கும்."

"அப்ப ஆர் தூக்கிறது?"

அன்டன் அண்ணை தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நீர் சிரிக்காதையும்."

"நான் எங்கை சிரிச்சனான்?"

"வாய் சிரிக்கேல்லை. முகம் சிரிக்குது."

செய்தி கேட்ட பத்திநாதர் வேறு ஆள் தேடினார். டவுன்டவுனில் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் நிற்கும் பெடியன்களுக்கு வெள்ளிதான் அமளியான நாள். கோயிலுக்கு அன்று வரக்கூடிய மற்ற ஆண்களில் ஒருவருக்கு இடுப்பு மாற்றியிருந்தது, ஒருவருக்கு இருதயத்தில் கருவி. "ஒல்லாந்தனுக்கு விட்டுக்குடுக்காத சபை, ஒரு பாத்ரூம் கொம்பனிக்கு விட்டுக்குடுக்கிறதோ?" என்று தொலைபேசியில் கத்தினார். கடைசியில் அன்டன் அண்ணை மேற்பார்வையாளரோடு கதைத்து ஓர் ஒழுங்கு செய்தார். இடைவேளை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குப் புறப்படலாம். இரண்டு வான் வண்டியில் வந்து, தூக்கிவிட்டு, திரும்பிப் போய்ப் பின்னேரம் நின்று ஈடுசெய்ய வேண்டும். மூப்பர் நிம்மதியானார். அக்காவின் முகம் சிரிப்பதை நிறுத்தியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் கோயில் துப்புரவுக்குப் போயிருந்தார். சக்கிறீஸ்து நடைவழியில் வெந்நீர்க் குழாய் ஒன்று ஒழுகத் தொடங்கியதால், அங்கே தொங்கிய படத்தைக் கழற்றிப் படிக்கட்டுத் திருப்பத்தில் யன்னலோரம் சாத்தி வைத்திருந்தார்கள். வெளியே பனி, பனியில் பட்ட வெயில் முழுவதும் யன்னல் வழியாகப் படத்தில் விழுந்தது. துடைப்பத்தோடு போனவர் நின்றுவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி அதன் திறப்பை வைத்திருப்பவர் மதாம் ஒதெத். எண்பது வயது, அந்தக் கிராமத்துச் சபையின் கடைசிக் குடும்பம். அக்கா அவரைக் கையில் பிடித்து இழுத்து வந்து, தன் கார்டெரிப் பிரெஞ்சில் கேட்டார்: "பார், பார். இவைக்கு ஏன் பாவாடை?"

"பெண்கள்தானே," என்றார் மதாம் ஒதெத். "பெண்களுக்குப் பாவாடை இல்லாமல் என்ன இருக்கும்?"

"எட்டும் அம்மாமாரோ?"

"எட்டும். ஆண்கள் எல்லாரும் விலங்குத் தோல் வாங்க வள்ளத்தில் காட்டுக்குப் போய், ஆறு உறைந்து அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடம் பெண்கள் தூக்கினார்கள், அவர்கள் உயிரோடு வரவேண்டும் என்று. கீழே எழுதியிருக்கிறது, நேர்த்திக்காக என்று. என் அப்பா சொல்லுவார்: ஆண்கள் திரும்பி வந்தால் நம்பமாட்டார்கள் என்றுதான் படமே வரைய வைத்தார்களாம்."

"நீ ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருக்காலும் கேட்கவில்லையே."

அக்கா மதாம் ஒதெத்தின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். மூன்றாவதாக நெற்றியிலும் வைத்தார், கார்டெரியில் அப்படித்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பத்திநாதரை அவர் மனைவி றோசலின் அக்காவே படிக்கட்டுக்குக் கூட்டி வந்தார். மூப்பர் கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். கீழ்ப்படியில் நாங்கள் கொஞ்சப் பேர் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதுபோல் நின்றோம்.

"மூண்டாவது ஆள் ஆம்பிளை மாதிரித்தான் கிடக்கு," என்றார் கடைசியில்.

"வயித்தில பிள்ளையோடயோ?" என்றார் றோசலின் அக்கா.

மூப்பர் குனிந்து பார்த்தார். மூன்றாவது ஆளின் போர்வை முன்னால் விலகியிருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. "அது அவையின்ரை முறை. எங்கடை முறை வேறை," என்று சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்ததை எல்லாரும் கண்டோம். கண்டதாக ஒருவரும் காட்டவில்லை.

அக்னெஸ் அக்கா அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணை, பெடியள் வரட்டும். வந்தால் அவையள் தூக்கட்டும். வராட்டி?"

"வருவாங்கள்."

"வருவினம். வராட்டி?"

"அண்டைக்குப் பாப்பம்," என்றார் மூப்பர். அது இல்லை என்ற சொல் அல்ல. ஆறு வருடத்தில் முதல் முறையாக அது இல்லை என்ற சொல்லாக இருக்கவில்லை.

அன்று பின்னேரமே கோயில் மண்டபத்தில் பயிற்சி தொடங்கியது. றோசலின் அக்கா முதல் ஆள். "அவர் வீட்டிலை மூப்பர் இல்லை, வீட்டிலை நான்தான் மூப்பர்," என்றார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அஞ்சலீனா வந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அஜிதா, சோதனைக்குப் படிப்பதை விட்டுவிட்டு வந்தாள். இன்னும் மூன்று பேர் சேர்ந்தும் ஓர் ஆள் குறைந்தது. அக்காவை வீட்டுக்கு ஏற்றிப்போக வந்த அடுத்த வீட்டுச் சிவாஜினி வாசலில் கார்த் திறப்பை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"உயரம் சரியாக் கிடக்கு," என்றார் அஞ்சலீனா அவரை அளந்து பார்த்து.

"நான் சைவ சமயம் அக்கா."

"மடு மாதா கோயிலுக்குப் போகேல்லையோ நீர்?"

"போயிருக்கிறன். மூண்டு தரம்."

"அப்ப பிடியும் இந்தத் தடியை."

மடிப்பு மேசை ஒன்றைக் கவிழ்த்து, தடி கட்டி, அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள். முதல் நாள் மேசை கடலில் வள்ளம்போல் ஆடியது. ஒவ்வொருவரும் மற்றவரின் காலைப் பார்த்து நடந்தார்கள். பார்த்த பிறகு வைத்த அடி எப்போதும் பிந்தியது. கார்டெரிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும்போது ஒரு நீளக் கயிற்றில் வளையங்கள் வைத்து ஆளுக்கொன்றைப் பிடிக்கக் கொடுப்பார்கள். அக்கா அதைச் சொன்னார்: "காலைப் பாக்காதையுங்கோ. பிள்ளையளும் காலைப் பாத்தால் விழுங்கள். கயிறு இழுக்கிற பக்கம் போனால் விழாதுகள். தடி எங்கை போகுதோ அங்கை போங்கோ." மூன்றாம் நாள் மேசை ஆடவில்லை.

ஆனால் வேறொன்று தெரியவந்தது. மேசை சீராக உயர்ந்ததும், தடி அக்காவின் தோளைத் தொடவில்லை. நாலு விரல் இடைவெளி. மற்ற ஏழு பேரும் மூச்சுவாங்க, அக்கா மட்டும் கையை உயர்த்தித் தடியைத் தடவிக்கொண்டு நடந்தார்.

"உனக்கென்ன, சுகமான சீவியம்," என்றார் றோசலின் அக்கா.

மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அக்கா, பாரம் தோளில ஏறாட்டி நேர்த்தி எப்பிடிச் சரியாகும்? தூக்குவன் எண்டுதானே சொன்னனான். பக்கத்தில நடப்பன் எண்டு சொல்லேல்லை."

அஜிதா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடித்து அவர் தோளில் வைத்தாள். றொஷினி தன் சால்வையைக் கொடுத்தாள். தொப்பியின்மேல் சால்வை, அதன்மேல் இன்னொரு தொப்பி. சும்மாடு தயாரானது. தடி தோளில் இருந்தது. அக்கா கண்ணை மூடி, "ம்," என்றார்.

பெரிய வெள்ளி. வானம் தெளிந்து, குளிர் காதைக் கடித்தது. கோயில் நிறைந்திருந்தது. ஆண்டவரின் பாடுகளை வாசித்து முடிய, பத்திநாதரும் சுவாமியும் ஏணியில் ஏறி, சிலுவையில் அறைந்திருந்த சொரூபத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வலது கை இறங்கியது. தோல் மூட்டு மெல்ல முனகியது. இடது கை இறங்கியது. வெள்ளைத் துணியில் தாங்கி ஆண்டவரை ஆசந்தியில் கிடத்தினார்கள். மதாம் ஒதெத் முன்வரிசையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

தூக்க வேண்டிய எட்டுப் பேரைக் காணவில்லை.

பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை. மூப்பர் கையில் மரப்பலகை. அதில் சுத்தியலால் ஒருமுறை தட்டினால் தூக்க வேண்டும், இரண்டுமுறை தட்டினால் இறக்க வேண்டும். பத்திநாதர் பலகையோடு வாசலைப் பார்த்து நின்றார். அவர் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அன்டன் அண்ணை. முன்வரிசை முழுவதும் கேட்கும்படி அண்ணையின் குரல் வந்தது: நெடுஞ்சாலையில் பனி அள்ளுகிற லொறிகள், ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது, இரண்டு வானும் நிற்கிறது, நகர்ந்தால் வருவோம்.

மூப்பர் தொலைபேசியை வைத்தார். அவர் அசையவில்லை. சனமும் அசையவில்லை. ஆசந்தியின் இரண்டு பக்கமும் எட்டுப் பெண்கள் குளிர்க்கோட்டோடு வந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் தடியில் கை வைக்கவில்லை. அக்னெஸ் அக்கா முன்தடியின் இடப்பக்கம். அவர் மூப்பரைப் பார்க்கவில்லை, ஆண்டவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றோசலின் அக்கா கணவரின் காதருகே சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. "ஆசந்தி நிலத்திலயே கிடந்த வருசம் எண்டு உங்கடை பேரிலை நிக்கிறதோ, பொம்பிளையள் தூக்கின வருசம் எண்டு நிக்கிறதோ. யோசியுங்கோ."

பத்திநாதர் யோசித்தார். அவர் முகம் சிவந்தது. பிறகு அந்தப் பெரிய குரலில் அதட்டினார்:

"என்ன இது, சந்தைக்குப் போறது மாதிரி வந்து நிக்கிறியள்? தோளாடை போடாமல் ஒருத்தரும் ஆசந்தியில கை வைக்கேலாது. சபைக்கு ஒரு ஒழுங்கு இல்லையோ?"

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. அஜிதாதான் முதலில் ஓடினாள். அலுமாரியிலிருந்து சிவப்புத் தோளாடைகள் கைக்குக் கை வந்தன. ஆண்களின் அளவு, அக்காவுக்கு அது முழங்கால் வரை தொங்கியது. மூப்பர் தானே குனிந்து அதன் கொக்கியைப் பூட்டிவிட்டார். முழங்கால் வலிக்க நிமிர்ந்து, தன் இடத்துக்குப் போய், பலகையை ஒருமுறை தட்டினார்.

ஆசந்தி எழுந்தது.

வாசல் கடந்து தெருவுக்கு வந்தபோது எதிர் வீட்டுப் பல்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். மூலைக்கடை டெபனேர்க்காரர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். பேருந்து ஒன்று தானாக நின்றது. தமிழ் ஒப்பாரி, பிரெஞ்சுத் தெரு, நடுவே தடி போகும் பக்கம் போகும் எட்டுப் பெண்கள். குளிரில் அவர்கள் மூச்சு வெண்மையாகச் சொரூபத்தின்மேல் மிதந்தது.

முதல் மூலையில் திரும்பும்போது சும்மாடு நழுவியது. தொப்பி, சால்வை, தொப்பி மூன்றும் பனிக்குள் விழுந்தன. குனிந்து எடுக்க வழியில்லை. தடி அக்காவின் தோளைவிட்டு மேலே போனது. நாலு விரல். அவர் கையை உயர்த்தினார், காலை உன்னினார், எட்டவில்லை. பத்தடி, இருபதடி, வெறுந்தோளோடு நடந்தார். அந்த நேரம் மட்டும் அவர் முகத்தில் அழுகை வந்ததைக் கண்டேன்.

அடுத்த தெருவின் முனையில் பவனி நின்றது. பனி தள்ளும் வண்டி சற்று முன்னர்தான் போயிருக்க வேண்டும். நடைபாதைக்குக் குறுக்கே இடுப்பளவு பனி அணை. அதே நேரம் தெருவில் இரண்டு வான்கள் வந்து நின்றன. இரும்பு முனைச் சப்பாத்தும் பளபளக்கும் வேலை மேற்சட்டையுமாக எட்டுப் பேர் குதித்து ஓடிவந்தார்கள்.

"வந்திட்டம், வந்திட்டம். தாங்கோ, மாத்துவம்," என்றார் அன்டன் அண்ணை மூச்சிரைக்க.

"ஆரும் மாத்தத் தேவையில்லை," என்றார் றோசலின் அக்கா தடிக்கு அடியிலிருந்து. "கையில பனி அள்ளுற சவள் இருந்தால் முன்னுக்கு வாங்கோ. இல்லாட்டிப் பின்னுக்குப் போங்கோ."

ஆண்கள் மூப்பரைப் பார்த்தார்கள். மூப்பர் வானத்தைப் பார்த்தார். டெபனேர்க்காரர் இரண்டு சவளோடு ஓடிவந்தார். பல்கனிகளிலிருந்து மேலும் மூன்று இறங்கின. குளியல் தொட்டி தூக்கிய கைகள் பனியை வெட்டத் தொடங்கின. வலப்பக்கம் திறந்தது. நடு திறந்தது. அன்டன் அண்ணை இடப்பக்கத்தில் சவளை இறக்கினார்.

"இஞ்சேருங்கோ," என்றார் அக்னெஸ் அக்கா. "இந்தப் பக்கம் வெட்டாதையுங்கோ."

"என்னெண்டு நடப்பீர்? வழுக்கும்."

"வழுக்கட்டும். எனக்கு உயரம் காணாது."

அன்டன் அண்ணை தடிக்கும் மனைவியின் தோளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். சவளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் இடப்பக்கத்துப் பனியைத் தட்டித் தட்டி இறுக்கினார், தெரு நீளத்துக்கும் ஒரு வரம்புபோல. மற்றவர்களும் விளங்கிக்கொண்டு சேர்ந்தார்கள். புறப்படச் சொல்லிப் பலகை மறுபடி ஒருமுறை ஒலித்தது. அக்கா வரம்பில் கால் வைத்து ஏறினார்.

தடி வந்து தோளில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் அவர் ஒரு கணம் மடங்கி நிமிர்ந்தார். வரம்பு கொஞ்சம் கூடுதலாகவே உயர்ந்திருந்ததால் அந்த மூலையின் பாரம் முழுவதும் அவருக்குத்தான் வந்தது. முகம் சிவந்து, பல்லைக் கடித்து, அக்கா நடந்தார். முன்னால் எட்டு ஆண்கள் பனியை அறைந்து வரம்பு கட்டிக்கொண்டே போனார்கள். பின்னால் எட்டுப் பெண்கள் வந்தார்கள். கோயில் வாசல் வரை அப்படியே. ஒப்பாரி பாடியவர்களில் பாதிப் பேரின் குரல் சிரிப்பில் உடைந்ததை ஆண்டவர் மன்னித்திருப்பார்.

இரவு, ஈடுசெய்யும் வேலையும் முடித்து அன்டன் அண்ணை வீட்டுக்கு வந்தபோது அக்கா கதிரையில் சாய்ந்திருந்தார். தோளில் உள்ளங்கையளவு நீலம். றொஷினி கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணை சித்தாலேப தைலப் பேணியைத் திறந்து அக்காவின் பின்னால் நின்று தேய்த்தார்.

"மெல்ல."

"மெல்லத்தான் தேய்க்கிறன். பாரமோ?"

"பாரம். நீங்கள் ஏழு வருசமா அதைத் தூக்கிறியள், ஒரு நாளும் பாரமெண்டு சொல்லேல்லையே."

"பாரம் இருந்தாத்தானே சொல்ல. எட்டுப் பேரிலயும் உயரம் குறைஞ்சவன் நான்," என்றார் அன்டன் அண்ணை.

அக்கா கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு கதிரை அசையும்படி சிரித்தார். தோள் வலித்தது, வலியோடேயே சிரித்தார்.

"அடுத்த வருசம் எங்களுக்குத் திருப்பித் தருவியளோ?" என்று கேட்டார் அண்ணை.

"வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் அக்னெஸ் அக்கா. "பாப்பம்."